சாக் எண்ணிக்கைக்குள் இருப்பது என்ன? கல்லூரி பாஸ் ரஷரை மதிப்பிடும் முறை

ஏப்ரல் மாதக் கடைசியில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போதெல்லாம் கல்லூரி ஆட்டக்காரர்களின் தரவரிசைப் பட்டியல்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் பாஸ் ரஷர் ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரே முதலில் கண்ணில் படுவது, கடைசிப் பருவத்தில் அவர் எடுத்த சாக் எண்ணிக்கைதான். கல்லூரி ஆட்டங்களின் காணொளியைப் பார்த்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவதே என் தொழில். இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரின் வருங்காலத்தை இந்த ஓர் எண்ணை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் ரசிகர்களிடம் மட்டுமன்றி, விவரம் தெரிந்தவர்களிடமும் ஊறிப் போயிருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஓர் அணி தன் முதல் சுற்று வாய்ப்பை வீணடித்துவிட்டதாக மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வீரரைத் திட்டித் தீர்ப்பவர்கள், அந்த எண்ணுக்குள் என்ன இருந்தது என்று டிராஃப்ட்டுக்கு முன்பே பார்த்திருந்தால் அவ்வளவு ஏமாந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்கக் கால்பந்து அதிகம் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நின்று, எதிரணியின் டேக்கிள் என்னும் தடுப்பாளரைத் தாண்டி, அந்த அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டியவர் பாஸ் ரஷர். எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வைத்து அவரை வீழ்த்திவிட்டால் அது ஒரு சாக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. என்.எஃப்.எல். இதை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1982-இல்தான்.

அந்த எண்ணிக்கை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு வெர்னான் கோல்ஸ்டனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2007-இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 14 சாக் எடுத்து, உடல்திறன் சோதனையிலும் அனைவரையும் வியக்க வைத்த அவரை, 2008 டிராஃப்ட்டில் 6-ஆவது தேர்வாக நியூயார்க் ஜெட்ஸ் அணி எடுத்துக்கொண்டது. மூன்று பருவங்கள் அங்கே இருந்தும் அவர் பெயரில் ஒரு சாக்கூடப் பதிவாகவில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜார்விஸ் ஜோன்ஸ் 2012-இல் 14.5 சாக் எடுத்தார். 2013-இல் 17-ஆவது தேர்வாக அவரை எடுத்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு நான்கு பருவங்களில் கிடைத்தவை மொத்தம் ஆறுதான். இதற்கு நேர் எதிராக, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஹன்டர் தம் கடைசிக் கல்லூரிப் பருவத்தில் எடுத்தது வெறும் 1.5. 2015-இல் மூன்றாம் சுற்று வரை காத்திருந்து, 88-ஆவது ஆளாக மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போன அவர், 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் தலா 14.5 சாக் எடுத்தார்.

இதற்காக எண்ணிக்கையே பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2002-இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெரல் சக்ஸ் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்துக் கல்லூரி ஆட்டத்தில் சாதனை படைத்தார். ஓட்டச் சோதனையில் அவருடைய நேரம் மந்தமாக இருந்ததால் சிலர் தயங்கினார்கள். 10-ஆவது தேர்வாக அவரைப் பெற்ற பால்டிமோர் ரேவன்ஸ் அணி அதற்காக ஒருநாளும் வருந்தியிருக்காது. 139 சாக்குகளோடு தம் தொழில்முறை வாழ்க்கையை முடித்தவர் அவர். கோல்ஸ்டனின் 14-க்கும் சக்ஸின் 24-க்கும் உள்ள வேறுபாடு பத்து என்ற கழித்தல் கணக்கில் கிடைக்காது. ஒவ்வொரு சாக்கும் எந்த வழியில் வந்தது என்பதில்தான் அது இருக்கிறது.

ஒரு வீரர் பருவத்தில் 12 சாக் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பன்னிரண்டையும் வரிசையாக ஓட்டிப் பார்க்கும்போது, தடுப்பாளர்கள் தங்களுக்குள் குழம்பி யாரும் தடுக்காமல் விட்டதால் கிடைத்தவை தனியே ஒதுங்கும். பின்வரிசைத் தற்காப்பாளர்கள் எல்லாரையும் இறுக்கிப் பிடித்திருந்ததால், எறிய ஆளில்லாமல் குவார்ட்டர்பேக் நான்கு விநாடி தவித்து நின்றபோது கிடைத்தவையும் தனியே போகும். பக்கத்தில் நின்ற வீரர் குவார்ட்டர்பேக்கை விரட்டி இவர் கைக்கே கொண்டுவந்து சேர்த்தவை சில. டேக்கிளுக்குப் பதிலாக, தடுக்கும் வேலையில் அந்த அளவுக்குப் பழக்கமில்லாத, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கையோ, எறிந்த பந்தைப் பிடிக்கும் டைட் எண்டையோ தள்ளிவிட்டு எடுத்தவை வேறு சில. இத்தனையும் கழித்த பிறகு, எதிரே நின்ற டேக்கிளைத் தனியாக, உரிய நேரத்துக்குள் வென்று எடுத்த சாக் நான்கோ ஐந்தோ மிஞ்சினால் அதை நான் மிக நல்ல கணக்காகவே எடுத்துக்கொள்வேன். ஒன்றுதான் மிஞ்சுகிறது என்றால், பட்டியலில் இருக்கும் 12 என்னை அசைக்காது.

இதன் மறுபக்கமும் உண்டு. டேக்கிளைச் சுத்தமாகத் தாண்டிய பின்னும், பந்து ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்டதால் சாக் ஆகாமல் போன முயற்சிகள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. தொழில்முறை ஆட்டத்தில் ரஷர் தன் தடுப்பாளரை 2.5 விநாடிக்குள் வென்றாரா என்று ஈ.எஸ்.பி.என். நிறுவனம் தனியாக ஓர் அளவீடு வைத்துக் கணக்கிடுவதற்கும் காரணம் இதுதான். குவார்ட்டர்பேக் அடுத்த ஆட்டத்தில் பந்தை அரை விநாடி தாமதித்து எறிந்தால் அந்த முயற்சிகளே சாக்குகளாகிவிடும். ஹன்டரின் கல்லூரிக் காணொளியில் இருந்தவை இப்படிப்பட்ட அறிகுறிகள்தாம்: நீண்ட கைகளும், அந்த உடலுக்கு நம்ப முடியாத காலடி வேகமும். அவை எண்ணாக மாறியது பிற்காலத்தில்.

இனி ஒரே ஒரு ஸ்னாப்பை, அதாவது பந்து குவார்ட்டர்பேக்கிடம் கொடுக்கப்பட்டுத் தொடங்கும் ஒரு முயற்சியை, நெருங்கிப் பார்ப்போம். மூன்றாம் முயற்சி, எட்டு கஜம் தேவை. எறியத்தான் போகிறார்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சி ஒளிபரப்பு பந்தின் பின்னாலேயே போய்விடும் என்பதால், 22 வீரர்களும் தெரியும் உயரக் கோணத்தையும், கோல்கம்பத்துப் பக்கமிருந்து எடுத்த காட்சியையும் வைத்துக்கொண்டு நான் முதலில் கவனிப்பது ரஷரின் முன்காலை. பந்து அசைந்த அதே நொடியில் அந்தக் கால் கிளம்புகிறதா, அல்லது டேக்கிள் பின்வாங்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறதா என்பது காட்சியை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தினால் தெரிந்துவிடும். மூன்றாம் காலடியில் அவர் டேக்கிளின் வெளிப்பக்க இடுப்புக்கு நேராக வந்திருக்க வேண்டும். அங்கேதான் கை வேலை தொடங்குகிறது. டேக்கிள் இரு கைகளையும் நீட்டி நெஞ்சைப் பிடிக்க வருவார். நல்ல ரஷர் அந்தக் கை நீளும் தருணம் வரை பொறுத்திருந்து, மணிக்கட்டில் வெட்டுவது போல் அடித்துத் தட்டிவிடுவார். முந்திக்கொண்டு அடித்தால் அடி காற்றில் போகும். பிந்தினால் டேக்கிளின் பிடியில் சிக்கிக்கொள்வார். கையைத் தட்டிய அதே கணத்தில் தோளைத் தாழ்த்தி, இடுப்பைக் குவார்ட்டர்பேக் பக்கமாகத் திருப்பி, கணுக்கால் ஏறத்தாழத் தரையைத் தொடும் அளவுக்கு உடலைச் சாய்த்து, வளைவான பாதையை நேர்க்கோடாக மாற்ற வேண்டும். இந்தச் சாய்வைத்தான் எங்கள் தொழிலில் பெண்ட் என்கிறோம். இது இல்லாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், டேக்கிள் அவரை லேசாகத் தள்ளிக் குவார்ட்டர்பேக்குக்குப் பின்புறமாகக் கடத்திவிடுவார். பார்க்கப் பரபரப்பாக இருக்கும், பலன் ஒன்றும் இருக்காது.

அந்த ஸ்னாப்பில் அவர் தோற்றாலும் நான் அடுத்ததைப் பார்ப்பேன். வெளிப்பக்கம் அடைபட்டதும் உள்பக்கம் திரும்பத் தெரிகிறதா? முதல் உத்தி பலிக்காதபோது இரண்டாவது உத்தி கைவசம் இருக்கிறதா? இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணிக்காகப் பேர் பெற்ற டுவைட் ஃப்ரீனியின் சுழற்சியை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். டேக்கிள்கள் அவருடைய வெளிப்பக்க வேகத்துக்கு அஞ்சி அவசரமாகப் பின்வாங்கியதால்தான் உள்பக்கச் சுழற்சி அவ்வளவு பலித்தது. ஒரு பக்கம் ஆசை காட்டி மறுபக்கம் தொடும் கபடி ரெய்டரைப் போல, இரண்டும் சேர்ந்தால்தான் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு. கல்லூரியில் வேகம் ஒன்றை மட்டுமே நம்பி வென்றவர்கள், தம் அளவுக்கு வேகமான டேக்கிள்களை வாரந்தோறும் சந்திக்கும்போது திகைத்து நின்றுவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி மைதானத்துக்கும் தொழில்முறை மைதானத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் இரு வரிசைக் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி தூரம், என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பரந்தும் மறுபக்கம் குறுகியும் கிடக்கிறது; எந்தப் பக்கம் நின்றார் என்பது ரஷரின் வேலையையே மாற்றிவிடும். மேலும், எறியும் ஆட்டத்தில் தடுப்பாளர்கள் கல்லூரியில் மூன்று கஜம் வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு கஜம்தான் என்பதால், ஓட்டமா எறிதலா என்று கடைசி நொடியில் முடிவு செய்யும் உத்திகள் கல்லூரியில் மிகுதி. பந்து ஒரு விநாடியில் போய்விடும் அந்த ஸ்னாப்புகளில் யாராலும் சாக் எடுக்க முடியாது. அவற்றை நீக்கிவிட்டு, குவார்ட்டர்பேக் உண்மையாகவே பின்வாங்கி நின்ற ஸ்னாப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால்தான், ரஷர் எத்தனை சதவீதம் வென்றார் என்ற கணக்குக்குப் பொருள் உண்டு.

எதிராளி யார் என்பதும் அப்படியே. பலவீனமான அணியை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் எடுத்த மூன்று சாக்கைவிட, பின்னாளில் தாமும் டிராஃப்ட்டில் போகக்கூடிய டேக்கிளை எதிர்த்து ஒரு சாக்கும் இல்லாமல் ஆடிய ஆட்டம் எனக்கு அதிகம் சொல்லும். சிறிய கல்லூரி என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடுவதையும் நான் ஏற்பதில்லை. கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து நான்காம் சுற்றில் 106-ஆவது தேர்வாகப் போன மேக்ஸ் கிராஸ்பி, 2019-இல் தம் முதல் பருவத்திலேயே 10 சாக் எடுத்தார்.

உடல்திறன் சோதனைக்கு வருவோம். 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கும் இந்தச் சோதனை முகாமில் அனைவரும் பேசுவது 40 கஜ ஓட்டத்தைப் பற்றி. ஆனால் பாஸ் ரஷர் ஒரு ஸ்னாப்பில் 40 கஜம் ஓடுவது அபூர்வம். அதன் முதல் 10 கஜத்துக்கு ஆன நேரமும், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையில் திருப்பங்களில் வேகத்தை இழக்காமல் வருகிறாரா என்பதும்தான் எனக்குத் தேவை. 2022 டிராஃப்ட்டில் இந்த விவாதம் கூர்மையாக எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக 2021-இல் 14 சாக் எடுத்த ஏடன் ஹட்சின்சனின் கை நீளம் 32 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. ஆனால் அவர் கூம்பு ஓட்டத்தை 6.73 விநாடியில் முடித்தார். அதே பருவத்தில் ஜார்ஜியாவின் டிராவோன் வாக்கர் எடுத்தவை 6 சாக், கையோ 35.5 அங்குலம், 40 கஜத்துக்கு 4.51 விநாடி. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் முதல் தேர்வாக வாக்கரை எடுக்க, டெட்ராய்ட் லயன்ஸ் அடுத்ததாக ஹட்சின்சனை எடுத்தது. முதல் பருவத்தில் ஹட்சின்சனுக்கு 9.5 சாக், வாக்கருக்கு 3.5, அதற்கடுத்த இரு பருவங்களில் வாக்கர் முறையே 10, 10.5 என்று எடுத்தார். கை நீளம் முக்கியம்தான். ஆனால் கை குட்டையானவர் காலடியாலும் நேரக்கணிப்பாலும் அதை ஈடுகட்டுவதைக் காணொளியில் காட்டிவிட்டால், அளவு நாடாவை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

வயதைப் பற்றி இப்போது கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கொரோனா காரணமாக 2020 பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் கல்லூரி வீரர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு அளித்ததிலிருந்து, 24 வயதில் டிராஃப்ட்டுக்கு வருபவர்கள் கூடினார்கள். 24 வயதுக்காரர் 19 வயது டேக்கிளைத் தள்ளி எடுத்த சாக்கும், 20 வயதுக்காரர் எடுத்த சாக்கும் பட்டியலில் ஒன்றுபோலவே தெரியும். ஹன்டர் தேர்வானபோது அவருக்கு வயது 20.

மருத்துவ அறிக்கையைக் குறித்து வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தோள், முழங்கால், முதுகுத்தண்டு ஆகியவற்றை அணி மருத்துவர்கள் பார்த்துச் சொல்லும் வரை என் அறிக்கையில் அந்தப் பகுதியை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்; நொண்டியபடி ஆடிய ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரைச் சோம்பேறி என்று எழுதுவது அநியாயம்.

கடைசியாக நான் செய்வது, பருவத் தொடக்கத்தின் செப்டம்பர் மாத ஆட்டம் ஒன்றையும் பருவ இறுதியின் நவம்பர் மாத ஆட்டம் ஒன்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக இருந்து தற்காப்புக்கு மாறிய டி.ஜே. வாட், 2016-இல் ஒரே ஒரு பருவம்தான் முழுநேரத் தொடக்க வீரராக ஆடி 11.5 சாக் எடுத்தார். 2017-இல் முதல் சுற்று முடியும் தறுவாயில், 30-ஆவதாகத்தான் அவர் பெயர் அழைக்கப்பட்டது. 2021-இல் 22.5 சாக் எடுத்து, அதுவரை மைக்கேல் ஸ்ட்ரேஹன் வசமிருந்த ஒரு பருவச் சாதனையை அவர் சமன் செய்தார். அந்த இடத்துக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவரை, சிறுவயதிலிருந்தே அங்கே ஆடி வளர்ந்தவரோடு ஒரே பட்டியலில் நிறுத்தி எண்களை மட்டும் ஒப்பிட்டால் இப்படிப்பட்டவர்கள் நம் கையைவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே, செப்டம்பரில் நான் மதிப்பிடும் வீரரிடம் இல்லாத எந்தக் கை உத்தி நவம்பரில் வந்திருந்தது, அதை எந்த டேக்கிளிடம் முதன்முதலில் பயன்படுத்தினார், பலிக்காதபோது மறுபடி முயன்றாரா என்பதை ஸ்னாப் எண்ணோடு குறித்து வைத்த பிறகே மதிப்பெண் கட்டத்தை நிரப்புகிறேன்.