அம்பாசிடருக்கு ஐந்தாவது கியர்

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. காவேரிப்பட்டினம் தாண்டி நான்கு வழிச் சாலையில் 80 கிலோமீட்டரைத் தொட்டதும், இன்னொரு கியர் இல்லையா என்று கேட்பதுபோல வண்டி இரையும். இன்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. இருப்பது நாலே கியர், கணக்கே அப்படித்தான்.

15 அங்குல ரிம்மில் பழைய அளவு டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உருளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 640 சுற்றுக்குப் பக்கத்தில் வரும். பின் அச்சின் கிரௌன் பினியன் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அச்சுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, 4.5 என்று வைத்துக்கொண்டால், நான்காவது கியரில் இன்ஜின் கிட்டத்தட்ட 2,900 சுற்று சுற்றியாக வேண்டும். நான்காவதில் கியர் பாக்ஸ் எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை, ஒன்றுக்கு ஒன்று. 0.85 விகிதத்தில் ஒரு ஐந்தாவது கியர் இருந்தால், அதே வேகத்துக்கு 2,450 சுற்று போதும்.

அப்படியொரு கியர் பெட்டி வெளியூரில் தேட வேண்டியதும் இல்லை. 1990களில் 1,817 சிசி இசுசு இன்ஜினோடு வந்த அம்பாசிடர்களில் தரையில் கியர் கம்பி வைத்த ஐந்து கியர் பெட்டி இருந்தது. உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், ஓட்டம் முடிந்த வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்டிகள் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். தேடுகிறவர்கள் பெட்டிக்கு மட்டும் விலை பேசாமல், முடிந்தால் முழு வண்டியையே வாங்குவது நல்லது. பெடலிலிருந்து, பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் வரை எல்லாம் அதிலேயே இருக்கும். மிச்சத்தைக் காயலான் கடைக்குப் போட்டால் போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பும். இந்த வேலையில் பணத்தைத் தின்பது பெட்டி அல்ல, அதைப் பொருத்தப் போடும் சின்னச் சின்னத் துண்டுகள்.

முதல் இடைஞ்சல் இன்ஜினின் முதுகில். பழைய 1,489 சிசி இன்ஜின் இங்கிலாந்து வழி வந்தது, இசுசு ஜப்பான் வழி. போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது. நடுவே ஒரு அடாப்டர் தட்டு கடைந்து போட வேண்டும். துளைகள் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். துளையைவிட மையம்தான் முக்கியம். கியர் பாக்ஸின் உள்வரும் தண்டு கிளட்ச் பிளேட்டின் நடுவே புகுந்து, இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள சின்ன வெண்கல வளையத்தில், அதாவது புஷ்ஷில், உட்கார்கிறது. இன்ஜினின் மையமும் பெட்டியின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் ஒத்துப்போக வேண்டும். விலகினால் புஷ் ஒருபக்கமாகத் தேயும், கிளட்ச் முழுதாக விடுபடாது, கியர் விழும்போது கரகரக்கும், கொஞ்ச நாளில் முன் பேரிங் போகும். கிராங்க் நுனியிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலில், நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜைக் காந்தக் காலோடு ஒட்டி, கிளட்ச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றிவரச் செய்தால் விலகல் தெரிந்துவிடும். கேஜ் காட்டுவது உண்மையான விலகலின் இரண்டு மடங்கு என்பதை மறக்கக் கூடாது. ஓசூர் சிப்காட் பக்கத்தில் வண்டித் தொழிற்சாலைகளுக்குப் பாகம் கடையும் பட்டறைகள் நிறைய. கணினி லேத் வைத்திருப்பவரிடம் வரைபடத்தோடு போனால் இந்தத் தட்டு பெரிய வேலை இல்லை. கேஸ் கட்டரால் அறுத்து, கண் மட்டத்தில் துளை போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம்.

தட்டின் தடிமன் அளவுக்குப் பெட்டி பின்னுக்கு நகரும். தண்டு நுனி புஷ்ஷை எட்டுகிறதா என்று பார்த்து, எட்டாவிட்டால் புதிய நீளமான புஷ் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட் கலப்பினமாக இருக்கும்: நடுப்பல் இசுசு தண்டுக்கு, வெளிவட்டம் பழைய ஃப்ளைவீலுக்கு.

அடுத்தது புரொபெல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும், சாய்ந்தபடியே சுற்ற விடும் மூட்டான யூ-ஜாயின்ட் இருக்கிறது. அதற்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. சாய்வாக இருக்கும்போது, உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். சாய்வு 3 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் பொருட்படுத்தத் தக்கதல்ல. 10 டிகிரியில் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் ஆறு சதவீதத்தைத் தாண்டும். முன் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் எதிர்ப்பக்கமாகச் செய்து அழித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு சாய்வும் சமமாக இருக்க வேண்டும். அதாவது கியர் பாக்ஸின் தண்டும் பின் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். நீளம் சரிசெய்ய ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டும்போது, யூ-ஜாயின்ட்டைப் பிடிக்கும் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருப்பதும் அதே அளவுக்கு அவசியம். புதிய பெட்டிக்கு மவுண்டிங் போடும்போது ஒரு அங்குலம் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ இந்த இணை கெடும். சரிசெய்யச் செலவு அதிகமில்லை. கைபேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைப் பெட்டியின் பின்முகத்திலும் பினியன் முகத்திலும் வைத்துப் பார்த்து, பின் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு கொடுத்தால் போதும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவது கியர் இன்ஜினைத்தான் நிதானப்படுத்தும். ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால், 80 கிலோமீட்டரில் அது பழையபடியே 2,900 சுற்றுதான். இத்தனை நாள் இன்ஜின் இரைச்சலில் மறைந்திருந்த அதிர்வு இப்போது தரையில் தெரியும். புதுப் பெட்டி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

சமவெளியில் இதெல்லாம் சுகம். மேடு வந்தால் வேறு கதை. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும்போது சாலை முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்கிறது. நான்கு பேரோடு வண்டி 1,450 கிலோ என்று கொள்வோம். சமதரையில் 80-இல் போக, காற்றையும் டயர் உராய்வையும் வெல்ல 16 குதிரைத்திறன் அளவு போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் அதே வேகத்துக்கு 37 வேண்டும். பழைய இன்ஜினின் உச்சத் திறன் சுமார் 50 என்றாலும் அது 4,000 சுற்றுக்கு மேலேதான் கிடைக்கும். 2,450 சுற்றில் அது தருவது 34-ஐ ஒட்டி. வழியில் பல்சக்கரங்கள் தின்பது போக இன்னும் குறைவு. ஆகவே மேட்டில் ஐந்தாவது இழுக்காது, நான்காவதுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

இறக்கத்தில் விஷயம் இன்னும் தீவிரம். தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன விபத்துகளை அந்த இறக்கம் எத்தனையோ பார்த்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை, கியர் விகிதத்தால் பெருகித்தான் சக்கரத்தை எட்டும். மூன்றாவதின் விகிதத்தை 1.37 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், 0.85 உள்ள ஐந்தாவதில் அந்தப் பெருக்கம் ஐந்தில் மூன்று பங்குதான். மூன்றாவதில் இன்ஜின் வேகமாகவும் சுற்றும், இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். பழைய டிரம் பிரேக் வண்டிக்கு ஐந்தாவது போட்டவர், தொப்பூரின் தலையிலேயே மூன்றாவதுக்கு வந்துவிட வேண்டும்.

இதையெல்லாம் பார்க்கும்போது, 1,489 சிசி இன்ஜினுக்கு இசுசு பெட்டி மட்டும் பொருத்துவது பாதி லாபம் என்றுதான் எனக்குப் படுகிறது. இன்ஜினும் பெட்டியும் ஒரே ஜோடியாக வந்தால் அடாப்டர் தட்டும் வேண்டாம், கலப்பின கிளட்ச்சும் வேண்டாம், மேட்டில் மூச்சும் வாங்காது. ஆனால் ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. கிருஷ்ணகிரியின் டிஎன் 24 ஆனாலும் தருமபுரியின் 29 ஆனாலும், இன்ஜினை மாற்றப் போகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் கார் வைத்துக்கொண்டு, கையால் கியர் போடும் பெட்டிக்கு மாற நினைக்கும் சிலருக்கு வேலை கூடுதல். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரைத் தாங்கும் மெல்லிய தட்டுக்குப் பதில் கனமான ஃப்ளைவீல், கிளட்ச் பெடல், அதற்கான ஹைட்ராலிக் சிலிண்டர்கள் எல்லாம் சேரும். கிராங்க் நுனியில் புஷ்ஷுக்குத் துளை கடைந்திருக்கிறதா என்று பெட்டியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சில்லறை வேலைகளில் இரண்டு மட்டும். ஸ்பீடோ மீட்டர் கேபிள் பெட்டியின் பின் தண்டிலிருந்து ஓடுவதால், பெட்டி மாறினால் முள் பொய் சொல்லும். கைபேசி காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுச் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். எண்ணெய் பெட்டியின் கையேட்டில் சொன்னபடிதான். பின் அச்சுக்கு வாங்கிய ஜிஎல்-5 ரக எண்ணெய் மிச்சமிருக்கிறதென்று ஊற்றினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெடும்.

தரையை வெட்டும் முன் வண்டியின் வயதைப் பாருங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவிலேயே இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். கியர் கம்பிக்கு, தரையின் நடுவே மேடாக ஓடும் டனலில் ஓட்டை போடுவதும், மவுண்டிங்குக்குக் குறுக்குப் பட்டை வெல்ட் அடிப்பதும் அந்த பாடியில் கை வைப்பதுதான். குறுக்குப் பட்டையைப் பழைய துளைகளிலேயே போல்ட்டில் மாட்டுங்கள். கழற்றிய நாலு கியர் பெட்டியையும், ஸ்டியரிங் தண்டில் இருந்த பழைய கியர் கம்பிகளையும் எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள்; மூல வடிவுக்குத் திரும்ப நினைத்தால் அவை வேண்டும்.