வெள்ளி உறை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

2013 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் மலைத் தீயில் சிக்கி 19 காட்டுத்தீ வீரர்கள் இறந்தார்கள். பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையின் கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ் குழுவினர் அவர்கள். 20 பேர் கொண்ட குழுவில், தீயைக் கண்காணிக்கத் தனியே நிறுத்தப்பட்டிருந்த ஒருவர் மட்டும் பிழைத்தார். 2017இல் இந்தச் சம்பவம் ஹாலிவுட் படமாக வந்தது. பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி நிற்கும்: ஆளுக்கொரு வெள்ளி நிற உறைக்குள் படுத்தார்களே, அது ஏன் காப்பாற்றவில்லை?

அந்த உறைக்கு ஃபயர் ஷெல்டர் என்று பெயர். எடை ஏறத்தாழ 2 கிலோ. வெளி அடுக்கு, சிலிக்கா துணியில் ஒட்டிய அலுமினியத் தகடு. உள் அடுக்கு, கண்ணாடியிழைத் துணியில் ஒட்டிய அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவே காற்று. தள்ளி நிற்கும் தீயிலிருந்து வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகத்தான் வருகிறது. பளபளப்பான அலுமினியம் அதில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் தீநாக்கு உறையையே தொட்டால் கதை வேறு. அப்போது சூடான வாயு நேரடியாக மேலே உரசி வெப்பத்தைக் கொட்டுகிறது. கதிர்வீச்சைப்போல இதைத் திருப்பி அனுப்பத் தகட்டுக்கு வழியில்லை. சுமார் 260 டிகிரி செல்சியஸில் தகட்டையும் துணியையும் ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். பிரிந்த தகட்டைக் காற்று கிழித்தெறியும். 660 டிகிரியில் அலுமினியமே உருகும். யார்னெலில் அந்த இடத்தின் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டியது.

ஆகவே உறையைவிட அதை விரிக்கும் இடம்தான் முக்கியம். புல்லும் புதரும் இல்லாத வெறும் மண், சமதளமான அகன்ற பரப்பு வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கும் மலைச்சரிவின் ஓடையும் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். அங்கே படுக்கவே கூடாது. எரிபொருள், தீமூட்டும் குச்சிகள், முதுகுப்பை எல்லாவற்றையும் தூர வீச வேண்டும். காற்று பலமாக இருந்தால் முதலில் தரையில் படுத்து, படுத்தபடியே உறையை விரிப்பார்கள். பாதம் தீ வரும் பக்கம், தலை எதிர்ப்பக்கம், முகம் மண்ணோடு. கையுறை போட்ட கைகளாலும் முழங்கைகளாலும் பாதங்களாலும் ஓரங்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். உறை முதுகில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இடையில் காற்று இல்லாமல் வெப்பம் உடம்புக்குக் கடந்துவிடும்.

மூக்கைத் தரையோடு வைப்பதற்குக் காரணம், கொஞ்சமாவது குளிர்ந்த காற்று அங்கேதான் கிடைக்கும். இப்படிச் சிக்குகிறவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது தோலில் படும் சூடல்ல, மூச்சில் போகும் சூடு. வாயில் ஈரத்துணி கட்டத் தோன்றும், கட்டக்கூடாது. ஈரமான சூடுகாற்று, வறண்ட சூடுகாற்றைவிட மூச்சுக்குழாயை அதிகம் வேக வைக்கும். உறைக்குள் 65 டிகிரிக்கு மேல் போகலாம். தாங்க முடியவில்லை என்று எழுந்து ஓடினால், முதல் மூச்சே நுரையீரலைச் சுட்டுவிடும்.

யார்னெலில் அந்த மாலை வீரர்கள் ஏற்கெனவே எரிந்து முடிந்த பரப்பில்தான் இருந்தார்கள். அதைக் 'கறுப்பு' என்பார்கள். எரிய எதுவும் மிச்சமில்லாததால் பாதுகாப்பானது. அங்கிருந்து கிளம்பி, 40 ஆண்டுகளுக்கும் மேலாக எரியாத அடர்ந்த புதருக்குள் இறங்கினார்கள். அருகில் இடிமழை மேகம் திரண்டிருந்தது. மேகத்திலிருந்து விழும் மழை வழியிலேயே ஆவியாகி காற்றைக் குளிர்விக்கும். கனத்த அந்தக் காற்று கீழே பாய்ந்து தரையில் நாலாபுறமும் சிதறும். வடகிழக்கே நகர்ந்துகொண்டிருந்த தீயை இப்படி வந்த காற்று தெற்கே திருப்பியது. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்தது அதன் முகமாக மாறி, அவர்கள் இறங்கிய பள்ளத்தின் வாயை அடைத்தது. இடத்தைச் சீர்செய்ய இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர நினைத்த பண்ணை வீடு, உறை விரித்த இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தது. சுற்றிலும் புதர் அகற்றப்பட்டிருந்த அந்த வீடு எரியவில்லை.