ரிசர்ச்: ஆய்வா, ஆராய்ச்சியா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை சமூகவியலில் பட்டம் முடித்திருக்கிறாள். வேலை விளம்பரம் ஒன்றோடு வந்தாள். “அங்கிள், ‘சோஷல் ரிசர்ச்சர்’ என்று போட்டிருக்கிறார்கள். தமிழ் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? ஆய்வாளரா, ஆராய்ச்சியாளரா?”

‘ரிசர்ச்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் பிற்கால லத்தீனின் ‘கிர்காரே’. சுற்றி வருதல், அலைதல் என்று பொருள். முன்னால் நிற்கும் ‘ரி’ இங்கே ‘மறுபடியும்’ அல்ல, அழுத்தத்துக்காக வந்தது. ஆகவே விடாமல் சுற்றித் தேடுவதுதான் ரிசர்ச்.

தமிழோ உட்கார்ந்து கிள்ளுகிறது. வல்லாரை ஆய்பவரைப் பாருங்கள்: ஒவ்வொரு நெட்டாக எடுத்து, பழுத்த இலையையும் ஊடே வந்த புல்லையும் ஒதுக்கி, நல்லதை வேறாக்குவார். தொல்காப்பிய உரியியல், ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்ற நான்குக்கும் ‘உள்ளதன் நுணுக்கம்’ என்றே பொருள் சொல்கிறது. ‘ஆர’ என்றால் நிறைய. ஆர ஆய்வதே ஆராய்தல் என்பார்கள். ஆங்கில ‘ரி’யின் வேலையை இங்கே ‘ஆர’ பார்க்கிறது.

கொழும்பில் இச்சொல்லுக்கு இன்னொரு வேடமும் உண்டு. ஹெட்டியாரச்சி போன்ற சிங்களப் பெயர்களின் வாலில் நிற்கும் ‘ஆரச்சி’ முன்பு ஊர்த் தலைமைப் பதவி. அது நம் ஆராய்ச்சியிலிருந்து போனது என்பார்கள். ஊரை விசாரிப்பவருக்குப் பொருத்தமான பெயர்தான்.

விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். வீடு வீடாகப் போய் வினாக்கொத்து நிரப்ப வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டு நேர்காணல்களை எழுத வேண்டும். சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும். லத்தீன் அலைச்சலும் தமிழ்க் கிள்ளலும் ஒரே சம்பளத்துக்கு!

‘சமூக விஞ்ஞானி’ என்றும் இங்கே வழங்குகிறோம். 1977இல் தொடங்கிய சமூக விஞ்ஞானிகள் சங்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அது துறையைச் சொல்கிறது, செய்யும் வேலையை அல்ல. ‘ஆராய்ச்சியாளர்’ பிழையில்லை, கொஞ்சம் பட்டாடை கட்டிய சொல். என் ஓட்டு ‘சமூக ஆய்வாளர்’ என்பதற்கே. தமிழ்நாட்டில் ஆய்வாளர் என்றதும் காவல் நிலையம் நினைவுக்கு வரும். இங்கே அவர் பொலிஸ் பரிசோதகர், நமக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அவள் எழுதிக்கொண்டாள். அடுத்த வரியில் ‘எனுமரேட்டர்’ என்றும் ஒரு வேலை இருந்தது. அது கணக்கெடுப்பாளர். நாட்சம்பளம்.