நட்டுவிட்டு வந்தால் முடிந்துவிடுமா?

பிப்ரவரியில் நட்ட அலையாத்திக் கன்றுகளைப் பார்க்க மே மாதம் போயிருந்தேன். நிபோங் திபால் பக்கம், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சேற்றுத்திட்டு. கட்டிவைத்த குச்சிகள் வரிசையாக நின்றன, கன்றுகளைக் காணோம். மிஞ்சிய சிலவும் தண்டெல்லாம் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரிகள் ஒட்டி, அந்தக் கனத்தில் சாய்ந்து கிடந்தன. நட்ட அன்று ஒரு பேருந்து நிறைய மாணவர்கள் வந்திருந்தார்கள். பேனர், குழுப்படம், நாசி லெமாக் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மறுபடி பார்க்க வந்தது நானும் இன்னொரு பயிற்சியாளரும் மட்டும்தான்.

பினாங்கில் இளையோருக்கு ஈரநிலக் களப்பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்தப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கிவிட்டோமே தவிர, ஒன்றும் கற்றுத்தரவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

கன்றுகள் செத்ததற்குக் காரணம் எளிது: இடம் தப்பு. நாம் பாக்காவ் என்று சொல்லும் மரம் ஒரு நாளில் சில மணி நேரமாவது தண்ணீர் வடியும் மேட்டில்தான் பிழைக்கும். நாங்கள் நட்டது நாளின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் பள்ளத்தில். நடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். பக்கத்தில் தானாக முளைத்த கன்று எந்த உயரத்தில் நிற்கிறது? கடல்தண்ணீர் தடையில்லாமல் வந்து போகிறதா? தண்ணீர் ஓட்டம் சரியாக இருந்து, அருகில் தாய்மரமும் இருந்தால், பெரும்பாலும் விதை தானே மிதந்து வந்து வேர் பிடிக்கும். வரப்பு போட்டு ஓட்டத்தை அடைத்திருந்தால், முதலில் அதைத் திறக்க வேண்டும். இதையெல்லாம் அந்த வட்டாரத்துக் கரையோர மீனவர்களிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். 1990களிலிருந்தே அங்கே மரம் நட்டு வருபவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மரமில்லாத சேற்றுவெளி சும்மா கிடக்கும் நிலம் இல்லை. வடக்கே தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை உள்ள கடற்கரையை உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சைபீரியா வரையுள்ள வடக்கிலிருந்து வரும் உள்ளான்களும், வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான்களும் (ஆந்தை இல்லை, கரைப்பறவை) செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தச் சேற்றில்தான் இரை தேடுகின்றன. அதில் போய் வரிசையாகக் கன்று நட்டால் அவற்றின் சோற்றுத் தட்டைப் பிடுங்கியது மாதிரி. 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் இறங்காமல் பறந்தது. அப்போது அதற்கு ஐந்து மாத வயதுதான். இதைச் சொல்லும்போது கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையும் நிமிர்ந்துவிடும்.

அதனால் இப்போது என் பயிற்சி பறவைகளை எண்ணுவதிலிருந்துதான் தொடங்குகிறது. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துப் போகவேண்டும். ஏற ஏறப் பறவைகள் கரையை நோக்கி நெருங்கி வரும். கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை முழுக் கூட்டத்தின்மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணுவார்கள், எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது. ஒன்றுமே இல்லை என்றால் சுழியம் என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்குச் சிரமமானது இந்தச் சுழியம்தான். வெறுங்கையோடு திரும்புகிற மாதிரி அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டுகளோடு ஒப்பிட அந்தச் சுழியமும் வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதில் தன்னார்வலர்கள் எழுதும் எண்களுக்கு இடம் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளையின் எண்ணுக்கும்தான்.

பெற்றோர் சம்மதிப்பது தனிக் கதை. சுங்கை பாக்காப்பில் ஓர் அம்மா, "பொம்பளப் பிள்ள டீச்சர், அந்தச் சேத்துல பாம்பு கீம்பு கிடந்தா?" என்றார். நியாயமான பயம். நீங்களும் வாங்க அக்கா என்று கூட்டிப் போனேன். தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பாவோடு நண்டு பிடிக்க வந்த ஆற்றோரம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. எந்த வளையில் நண்டு இருக்கும், புதைந்த காலை எப்படிச் சாய்த்து உருவுவது என்று அன்று பாதிப் பாடத்தை எடுத்தது அவர்தான். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியவரையாவது சேர்க்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பாக்காவ் தெரியும், அப்பி-அப்பி என்ற இன்னோர் அலையாத்தி மரமும் தெரியும். சங்கப் பாட்டில் வரும் கண்டலும் இதே சேற்றுக்காட்டு மரம்தான் என்றால் நம்பமாட்டார்கள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று ஒருமுறை சொன்னால் போதும், பெயர் மறக்காது.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களை ராம்சர் என்ற பன்னாட்டு உடன்படிக்கை பட்டியலிடுகிறது. மலேசியாவில் அப்படிப்பட்ட ராம்சர் ஈரநிலங்கள் ஏழு. 1994இல் சேர்ந்த தாசெக் பெரா ஏரிதான் முதலாவது. பினாங்கில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியல் தரும் காவல் நம் சேற்றுவெளிக்கு இல்லாததால், பார்த்து எழுதிவைக்கும் ஆட்கள் இங்கே இன்னும் அதிகம் தேவை. கடலைத் தூர்ப்பது போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வெளியாகும்போது பொதுமக்கள் கருத்து எழுதலாம். "பறவை நிறைய இருக்கும்" என்று எழுதினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். தேதி, நேரம், இடம், எண்ணிக்கை என்று நான்கு ஆண்டுக் குறிப்பு இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். மூத்த மாணவர்களுக்கு இப்படிப்பட்ட அறிக்கையைப் படித்து ஒரு பக்கத்தில் கருத்து எழுதவும் பழக்குகிறேன். சேற்றில் இறங்குவதைவிட இதற்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள். ஆனால் ஒருமுறை எழுதியவர்கள் அடுத்த அறிக்கை எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

போன ஜனவரியில் இரண்டு மாணவிகள் ஒரே கூட்டத்தை எண்ணினார்கள். ஒருத்திக்கு 340, இன்னொருத்திக்கு 210. மறுபடி எண்ணலாம் என்று தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் கழுகு ஒன்று தலைக்குமேல் வட்டமிட, கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய்விட்டது. 275 என்று போட்டுவிடலாமா டீச்சர் என்று கேட்பார்கள் என நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு எண்ணையும் எழுதி, கீழே "கழுகு வந்தது, பறந்துவிட்டன, மறுபடி எண்ண முடியவில்லை" என்று குறித்து, நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்தார்கள். அந்தத் தாளை அப்படியே அனுப்பிவைத்தேன்.