பயத்லானுக்குத் தமிழில் என்ன பெயர்?

பனிச்சறுக்குக் கட்டைகளில் விரைந்து, நடுநடுவே நின்று துப்பாக்கியால் இலக்கைச் சுடும் விளையாட்டு பயத்லான். பெயரின் பின்பாதி கிரேக்கம்: ஆத்லான் என்றால் போட்டியில் வெல்லும் பரிசு. முன்னால் நிற்கும் 'பை' லத்தீன். இரண்டு என்று பொருள். பென்டாத்லான் (ஐந்து போட்டிகள்), டெகாத்லான் (பத்து போட்டிகள்) வரிசையில் இரு மொழிகளை ஒட்டிச் செய்த சொல் இது.

சொல்லைவிட விளையாட்டு மூத்தது. 1924இல் சாமோனி குளிர்கால ஒலிம்பிக்கில் இதன் முன்னோடி 'ராணுவ ரோந்து' என்ற பெயரில் நடந்தது. பயத்லானின் முதல் உலக சாம்பியன்ஷிப் 1958இல், ஆஸ்திரியாவின் சால்ஃபெல்டனில். 1960இல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1992இல்தான்.

சரி, தமிழில்? 'இருபோட்டி' என்றால் எந்த இரண்டு என்று தெரியாது. 'ஈரங்கப் போட்டி' இலக்கணப்படி சரிதான், ஆனால் காதில் ஈரம்தான் விழுகிறது. இந்த விளையாட்டில் ஊறிய நார்வேக்காரர்கள் எண்ணிக்கையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. சறுக்கையும் சுடுதலையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் அதையே திருப்பிப் போட்டு, சுடுதலை முன்னால் வைத்தார்கள். அதுதான் சரியான வழி. 'சறுக்குச்சுடல்' சுருக்கமாக இருந்தாலும் சுடலையை நினைவூட்டிவிடும். 'சறுக்குச் சுடுபோட்டி' என்பதே என் தேர்வு. மூச்சு வாங்க வந்து நின்றவர், 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் வெறும் 45 மில்லிமீட்டர். நின்று சுடும்போது 115. பெரும்பாலான பந்தயங்களில், தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. ஓட்டமும் குறியும் இப்படி ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் விளையாட்டுக்கு, இரண்டையும் சொல்லும் பெயர்தானே பொருந்தும்!

அப்புறம், 'உலகக் கோப்பை' என்ற சொல். நமக்கு அது சில வாரங்களில் முடியும் ஒரே தொடர். இங்கே அது ஒரு குளிர்காலம் முழுவதும் நீள்வது. 1977-78இல் தொடங்கிய வழக்கம். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஹோஹ்ஃபில்சன், ருபோல்டிங், ஹோல்மன்கோலன் என்று ஊர் ஊராகப் பந்தயங்கள் நடக்கும். புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். மொத்தப் புள்ளிகளில் முன்னணியில் இருப்பவர் மஞ்சள் எண்சட்டை அணிவார். முடிவில் முதலிடம் பிடிப்பவருக்குப் படிகக் கோளம். ஆத்லான் என்ற பரிசு இங்கே கோப்பை வடிவில்கூட இல்லை! பிரான்சின் மார்ட்டான் ஃபூர்காட் அந்தக் கோளத்தைத் தொடர்ச்சியாக ஏழு முறை வென்றார். இந்த 'சீசன்' பனியோடு வந்து பனியோடு போவது. அதற்குப் 'பருவம்' என்ற சொல் அப்படியே பொருந்துகிறது.