குகையில கேக்காத ஹம்மிங் ஏற்காட்டுல கேட்டுச்சு

வீட்டுல பாட்டு கேக்க நானே ஒரு ஆம்ப்ளிஃபையர், சுருக்கமா ஆம்ப், அசெம்பிள் பண்ணேன். சிக்னலைப் பெருக்கற டிடிஏ 2030 ஐசி ரெண்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவுல ஒரு ஒயர், அதுக்கு ரெண்டு பக்கமும் 12 வோல்ட்), கரண்டை சேத்து வெக்கற 4700 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ரெண்டு, அவ்ளோதான் விஷயம். சேலத்துல குகைன்ற ஏரியாவுல எங்க வீட்டை ஒட்டியே தறி ஓடுது, காலைல இருந்து டடக் டடக்னு, அந்த சத்தத்துல பாட்டு போட்டா ஒரு குறையும் தெரியல. பொங்கலுக்கு ஏற்காட்டுல மாமா வீட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போய் ராத்திரி ஆன் பண்றேன், பாட்டே இன்னும் போடல, ஸ்பீக்கர்ல 'ர்ர்ர்'னு வருது. மாமா "என்ன மாப்ள, உள்ள வண்டு பூந்துடுச்சா?"ன்னு கேட்டார்.

எனக்கு ஒரே கடுப்பு. ஏன்னா உள்ள இருக்கற ஒயர் எல்லாம் வெள்ளி பூசினது, மீட்டர் கணக்குல காசு கொடுத்து வாங்கினது.

ஆனா கணக்கு போட்டுப் பாத்தா அந்த காசு வேஸ்ட்டுங்க. சாதா 0.75 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், அதாவது 0.2 மில்லிமீட்டர் இழை 24 இருக்கறது, 20 சென்டிமீட்டர் எடுத்தா ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.005 ஓம் கிட்டதான் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, வெள்ளி போட்டாலும் தங்கம் போட்டாலும் காதுக்கு தெரியாது.

ஆனா இதே 0.005 ஓம் தப்பான இடத்துல உக்காந்தா ஆட்டம் காட்டிடும். நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசி ஆக்கற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் தாண்டுனா அது செகண்டுக்கு 100 தடவை கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணுது. அந்த கரண்ட் ஒரே சீரா போறதில்ல, வோல்டேஜ் உச்சிக்கு வர்ற அந்த கொஞ்ச நேரத்துல மட்டும் குடத்தைக் கவுத்த மாதிரி குபுக் குபுக்னு பாயுது, அதனால ஆம்ப் சும்மா கொஞ்சமா இழுத்தாலும் அந்த பாய்ச்சல் அதைவிட பல மடங்கு இருக்கும். 4 ஆம்பியர்னு வைங்க, 0.005 ஓம்ல 20 மில்லிவோல்ட். நான் என்ன பண்ணி வெச்சிருந்தேன்னா டிரான்ஸ்ஃபார்மர் நடு ஒயர்ல இருந்து கெப்பாசிட்டர் வரைக்கும் போற அதே ஒயர்லயே, டிரான்ஸ்ஃபார்மர் பக்க முனையில இன்புட் கிரவுண்டையும், அதாவது பாட்டு சிக்னல் திரும்பிப் போற ஒயரையும், சேத்து பத்த வெச்சுட்டேன், கிட்டக்க இருந்துச்சுன்னு. அந்த 20 மில்லிவோல்ட் இப்போ பாட்டு சிக்னலோட கலந்துடுச்சு, ஐசி அதை சுமார் 32 மடங்கு பெருக்குது, ஸ்பீக்கர்ல அரை வோல்ட்டுக்கு மேல. அதான் வண்டு.

இதுல நல்ல க்ளூ ஒண்ணு இருக்கு. வால்யூமை முழுசா குறைச்சும் சத்தம் மாறலன்னா கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்கு அப்புறம், பெரும்பாலும் கிரவுண்ட் ஒயர்ல. வால்யூமோட சேந்து ஏறுதுன்னா இன்புட் பக்கம் பாருங்க. எனக்கு மாறவே இல்ல.

ஒயர் எதையும் மாத்தல, இடத்தை மட்டும் மாத்துனேன். ரெண்டு கெப்பாசிட்டரும் சேர்ற நடுப்புள்ளியில இருந்து ஒரு குட்டி ஒயரை தனியா வெளிய இழுத்து, அதோட நுனியில ஸ்பீக்கர் ரிட்டர்ன், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாத்தையும் தனித்தனியா கொண்டுவந்து சேத்தேன். நடுப்புள்ளியிலயே சேக்கக்கூடாது, சார்ஜ் பாய்ச்சல் அது மேலதான் ஓடுது. இன்புட்ல இருந்து வால்யூம் வரைக்கும் மேல கம்பி வலை சுத்தின ஷீல்டு ஒயர், பாட்டு ஒயரை சொருகற ஆர்சிஏ சாக்கெட்டோட வெளி வளையம் கேபினெட் தகரத்துல படாம வாஷர் போட்டேன், பட்டா கிரவுண்டுக்கு இன்னொரு குறுக்கு வழி உண்டாயிடும்.

"மூணு பின்ல எர்த்தைப் புடுங்கிடு, ஹம் போயிடும்"னு யாராச்சும் சொல்வாங்க, கேக்காதீங்க, உள்ள ஃபேஸ் ஒயர் தகரத்துல பட்டா அடுத்து தொடறவங்களுக்கு 230 வோல்ட். அப்புறம் பிவிசி ஒயரை ஐசியோட சூட்டை வெளிய விடற ஹீட் சிங்க் மேல சாய விடாதீங்க, சாதா பிவிசி 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்.

'ர்ர்ர்' போயிடுச்சு, ஆனா காதை ஒட்டி வெச்சா மெல்லிசா 'ம்ம்ம்'. இது 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்ற காந்தப்புலம் பக்கத்து ஒயர்ல ஏறுது. ஏசி ஒயர்களை சடை பின்ற மாதிரி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிட்டா போற கரண்டோட புலத்தை வர்ற கரண்ட் அடிச்சிடும், பாதி குறைஞ்சுது. மீதிக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிளக்கைப் புடுங்கி கொஞ்சம் திருப்பறது, ஆன் பண்ணி கேக்கறது, மறுபடியும் புடுங்கி திருப்பறது. மாமா டார்ச் புடிச்சுக்கிட்டு கொட்டாவி விட்டார், நாலாவது தடவை 'ம்ம்ம்' காணாம போனப்போ வெளிய தவளை கத்தறதுதான் கேட்டுச்சு.