மார்பில் இம்ப்ளாண்ட்: தையல் காய்ந்த பிறகும் ஏன் ஓய்வு?

இடுப்பில் கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். மறுகையால் மார்பின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் ஒரு தசை கல் மாதிரி இறுகியிருக்கும். பெக்டோராலிஸ் மேஜர் என்பது அதன் பெயர். மார்பைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையில் பலருக்கு சிலிக்கோன் இம்ப்ளாண்டை, அதாவது செயற்கைப் பையை, இந்தத் தசைக்கு அடியில்தான் வைக்கிறார்கள். அதற்காகத் தசையின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் வெட்டி விடுவிக்கவும் வேண்டும்.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாள் பாடாய்ப் படுத்துவது தையலைவிட இந்தத் தசைதான். பாட்டில் மூடியைத் திருகினால் இறுகும். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுந்தால் இன்னும் மோசம். இரண்டு மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தாற்போல் மல்லாந்து படுக்கச் சொல்வது வீக்கம் வடிய மட்டுமல்ல, எழும்போது கைக்கு வேலை குறையவும்தான்.

பத்து நாளில் தையல் காய்ந்துவிடும். பார்க்க எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாவது வாரத்தில்கூட அந்த வடுவுக்கு இயல்பான தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. முழுதாக ஆறிய பிறகும் சுமார் 80 சதவீதம்தான்.

உள்ளே நடப்பது இதைவிடச் சுவாரசியம். காலில் தைத்த முள் உள்ளேயே தங்கிவிட்டால் அதைச் சுற்றிச் சதை கெட்டியாகும் அல்லவா? அதே கதைதான். இம்ப்ளாண்டை விழுங்கப் பார்க்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கு அது முடிகிற காரியமில்லை. அப்புறம் வேறு செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத இழைகளை நெய்து, சுற்றிலும் மெல்லிய உறை கட்டிவிடும். 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதன்முதலாக சிலிக்கோன் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர் டிம்மி ஜீன் லிண்ட்சி. மார்பில் குத்தியிருந்த பச்சையை நீக்கப் போனவர் அவர்! அவருக்கும் உடல் இதைத்தான் செய்திருக்கும்.

உறை உண்டாவது கோளாறு அல்ல. அது சுருங்கி இம்ப்ளாண்டை நெரிப்பதுதான் கோளாறு. உள்ளே இரத்தம் தேங்கினாலும் கிருமி தொற்றினாலும் அந்த ஆபத்து கூடும். தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் போடாதீர்கள் என்று சொல்வதெல்லாம் இரத்தக் கசிவைத் தவிர்க்கத்தான். சிகரெட் வேறு வழியில் கெடுக்கும்: நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காயத்துக்குப் போகவேண்டிய ஆக்சிஜன் குறைகிறது.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி விறைத்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருளாக இருக்கலாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல் எல்லாமும் காத்திருக்கக் கூடாத ரகம்தான்.

மற்றபடி கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. முதலில் மார்பு கழுத்தை நோக்கி ஏறி, இறுக்கமாகத் தெரியும். தசை தளரத் தளர, சில மாதங்களில் கீழே இறங்கும். இடையிடையே சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்தால், அது நரம்பு விழித்துக்கொள்வது. அறுந்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். காம்பைச் சுற்றி மரத்துப்போனது சிலருக்கு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு.